இன்னொரு தடவை சொல்லு

மாமியிடம் எதையும் ஒரு தடவையில் சொல்லி முடிக்க முடியாது. எதைச் சொன்னாலும் "இன்னொரு தடவை சொல்லு" என்பார். காதில் கோளாறு ஒன்றும் இல்லை. கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்று யாராவது வாய்க்குள்ளேயே முணுமுணுக்கும் கணக்கு எண்ணைக்கூட அப்படியே பிடித்துவிடுகிற காது அது. ஆனாலும் கேட்பார். முதல் தடவை சொல்வது வெறும் பேச்சு, மறுபடி சொன்னால்தான் சொல்கிறவருக்கு அதில் மனம் இருக்கிறது என்று பொருள். இது மாமியின் சட்டம்.

நாங்கள் இருவரும் வங்கியில் கிளார்க்குகள். கிளை பேரூர்க்கடைப் பக்கம். நான் வேலைக்குச் சேர்ந்தபோதே மாமி அங்கே பழைய ஆள். வாட்ச்மேன் முதல் மேனேஜர் வரை எல்லாருக்கும் அவர் மாமிதான். தமிழே தெரியாத மலையாளிகள்கூட வேறு பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. அவர் வீடு கோட்டைக்குள் அக்ரகாரத் தெருவில். என் வீடு சாலைக் கடைத்தெருவில், அப்பா கணக்கு எழுதிய ஜவுளிக்கடைக்குப் பின்சந்தில். இரண்டு பேரும் காலையில் கிழக்கேகோட்டையில் ஒரே பஸ்ஸில் ஏறுவோம். மாமி ஜன்னலோரம் பிடிப்பார். எனக்கு இடம் போட அவர் பையை வைத்தால் யாரும் அதைத் தொட மாட்டார்கள். கண்டக்டருக்கும் அவர் மாமி.

மாமி ஊரில் இருந்த எல்லாவற்றையும் உருப்போட்டு வைத்திருந்தார். பென்ஷன்காரர்களின் கணக்கு எண்கள், தலைமை அலுவலகச் சுற்றறிக்கைகள், ஒவ்வொரு பஸ்ஸும் டிப்போவை விட்டுக் கிளம்பும் நேரம். அம்பாசமுத்திரத்திலிருந்து கல்யாணமாகி வந்தபோது அவருக்கு மலையாளத்தில் ஒரு எழுத்துக்கூடத் தெரியாதாம். கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, பக்கத்தில் இருப்பவரைப் படிக்கச் சொல்லி, மறுபடி சொல்லச் சொல்லி, அப்படியே உருப்போட்டுக் கற்றுக்கொண்டாராம். நான் அவரைச் சந்தித்தபோது அவர் பேசிய மலையாளத்தில் ஒரு பிசகும் இல்லை. தமிழ்தான் பாதி மலையாளமாகிவிட்டிருந்தது.

இதையெல்லாம் அவர் பெருமையாகச் சொல்ல மாட்டார். குறையாகத்தான் சொல்வார். பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் அவரைக் கிளிப்பிள்ளை என்று சொல்லிவிட்டாராம். பாடத்தை அட்சரம் பிசகாமல் ஒப்பித்துவிட்டு உட்காரப் போன குழந்தையைப் பார்த்து, "இதுக்கு அர்த்தம் தெரியுமா உனக்கு, கிளிப்பிள்ளை" என்றாராம். வகுப்பு சிரித்தது. வீட்டில் தெரிந்து வீட்டிலும் சிரித்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பெயர் எப்படியோ கணவருக்கும் தெரிந்துவிட்டது. அவர் நல்ல மனிதர், தம்பானூரில் ஒரு ஓட்டலில் கணக்கர், பிரியமாகத்தான் கிளிப்பிள்ளை என்று கூப்பிடுவார். பிரியமாகச் சொன்னாலும் சொல் அதேதான். கடைசியில் மாமியே தன்னை அப்படிச் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார். "எனக்கு வெறுதே மனப்பாடம்தான்டீ, மண்டைக்குள்ள ஒண்ணும் கெடையாதாக்கும்" என்று அவர் சொல்லும்போது யாரும் மறுத்ததில்லை. நானும் மறுத்ததில்லை.

அந்தச் சட்டத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அது சாப்பாட்டிலும் உண்டு. மாமிக்கு எதையாவது நீட்டினால் முதலில் வேண்டாம் என்பார். மறுபடி நீட்டினாலும் வேண்டாம் என்பார். அதற்கு மேலும் விடாமல் நீட்டினால், "இப்படிக் கட்டாயப்படுத்தினா என்ன பண்றது" என்று வாங்கிக்கொள்வார். இது அவர் தெருவில் எல்லாருக்கும் உள்ள பழக்கம்தான். எங்கள் வீட்டிலும் உண்டு, கொஞ்சம் குறைச்சல். கேட்டவுடன் வாங்கிக்கொண்டால் பறக்காவெட்டி என்று நினைத்துவிடுவார்களாம். கிளையில் எல்லாருக்கும் இது பழகியிருந்தது. தேநீர் நேரத்தில் பிஸ்கட் தட்டு மாமியிடம் வந்தால் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கும்.

ஒரு ஓணத்தின்போது கண்ணூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக ஒரு மேனேஜர் வந்திருந்தார். கிளையில் இலை போட்டுச் சாப்பாடு. அடைப்பிரதமன் பாயசத்தை மேனேஜரே பரிமாறிக்கொண்டு வந்தார். மாமியிடம் வந்தபோது மாமி வழக்கம்போல் இலைமேல் கையை வைத்து மறித்து வேண்டாம் என்றார். மேனேஜர் மரியாதைக்காரர், சரியென்று அடுத்த இலைக்குப் போய்விட்டார். மாமி பிரதமன் இல்லாமலே எழுந்தார். பாத்திரத்தில் நிறைய இருந்தது. கேட்டால் யாரும் தந்திருப்பார்கள். ஆனால் வேண்டாம் என்று சொன்ன வாயால் மாமி எப்படிக் கேட்பார்? அன்று பிற்பகல் முழுக்க அவர் முகம் வாடியிருந்தது. அவருக்கு அடைப்பிரதமன் என்றால் உயிர்.

நான்தான் மேனேஜர் அறைக்குள் போய் அவருக்கு விளக்கினேன். மாமி வேண்டாம் என்றால் அது வேண்டாம் ஆகாது, திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும், விட்டுவிட்டால் அவர் மனசு நோகும் என்றேன். அந்த மனிதர் மிகவும் வருத்தப்பட்டார். எத்தனை தடவை கேட்க வேண்டும் என்று விவரமாக விசாரித்தார். நான் சிரித்துக்கொண்டே, அவர் கை இலையை விட்டு விலகும்வரை என்றேன். இதை இங்கே எழுதி வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. மாமியின் வேண்டாம் என்பதற்குப் பொருள் தெரியாதென்று உலகத்தில் யார் சொன்னாலும் நான் சொல்ல முடியாது.

பதவி உயர்வுத் தேர்வு அறிவிப்பு வந்தபோது மாமியும் எழுதுவதாகச் சொன்னதும் கிளையில் கொஞ்சம் கேலி கிளம்பியது. ஓய்வு பெறச் சில வருடங்களே இருந்தன அவருக்கு. எங்கள் வட்டாரத்தில் கிளார்க்கிலிருந்து ஆபீசராக அந்த முறை ஒரே ஒரு இடம்தான். அதுவும் எங்கள் கிளையிலேயே, கண்ணாடி அறையில். மாமி தினமும் காலையில் அந்த அறையைக் கடந்து போகும்போது கதவில் இருந்த பெயர்ப்பலகையைப் புடவைத் தலைப்பால் ஒரு துடை துடைத்துவிட்டுப் போவார். வழியில் இருக்கிற தூசியைத் துடைக்கிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். பஸ்ஸில் ஒருநாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அந்தப் போர்டுல என் பேரு ஒரு நாளாவது இருக்கணும்டீ. கிளிப்பிள்ளைக்கு இது போதும்னு நெனைச்சவா எல்லாரும் வந்து பாக்கணும்."

எனக்கும் அந்த இடம் வேண்டியிருந்தது. அதை மாமியிடம் மறைக்கவில்லை. நாம் ரெண்டு பேருமே எழுதுவோம், கிடைக்கிறவருக்குக் கிடைக்கட்டும் என்று பேசிக்கொண்டோம். ஆனால் மனசுக்குள் மாமியை நான் ஒரு போட்டியாகவே கணக்கில் எடுக்கவில்லை. தேர்வில் பாதிக்கு மேல் ஆங்கிலப் பத்திகள். ஒரு பத்தி கொடுத்து, கீழே ஒரு வாக்கியம் கொடுத்து, அது சரியா, தவறா, அல்லது இந்தப் பத்தியை வைத்துச் சொல்ல முடியாதா என்று கேட்பார்கள். இது மனப்பாடத்தால் ஆகிற காரியம் இல்லை. நானோ கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கிறவள். கிளையில் எனக்குப் படிப்பாளி என்று பெயர்.

தம்பானூரில் ஒரு லாட்ஜின் மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி வகுப்பு நடந்தது. அங்கே பாடம் எடுத்த இளைஞர் முதல் நாளே எல்லாருக்கும் ஒரு சீட்டுக் கொடுத்தார். இரண்டு பக்கமும் நிறைய ஆங்கிலச் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு விடை. அவற்றுக்குக் கீவேர்ட் என்று பெயர். பத்தியை முழுதாகப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம், இந்தச் சொற்களைத் தேடுங்கள் என்றார். ஆல், நெவர், ஒன்லி என்று அடித்துச் சொல்லும் சொல் வந்தால் தவறு என்று குறியுங்கள். மே, சம் என்று வழவழவென்று வந்தால் சரி. பெரும்பாலும் பொருந்தும் என்றார். சீட்டை நான் இரண்டாக மடித்துப் பைக்குள் போட்டேன், பிறகு எடுக்கவே இல்லை. மாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவருக்குத் தெரிந்த ஒரே வேலையை யாரோ பாடமாகவே வைத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து பஸ்ஸில் ஒப்பித்தல் ஆரம்பமானது. மாமியின் சீட்டு என் கையில் இருக்கும். நான் ஒரு சொல்லைச் சொல்வேன். மாமி கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொரு தடவை சொல்லு" என்பார். சொல்வேன். அப்போது அவர் உதடுகள் என் பின்னாலேயே சத்தமில்லாமல் அசையும். பிறகு அந்தச் சொல்லுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று ஒப்பிப்பார். ஒரு எழுத்து பிசகினாலும் நான் திருத்துவேன். இதெல்லாம் உதவாது மாமி என்று ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. சொன்னால் அவர் மனசு உடையும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அவர் உருப்போட்டுக்கொண்டிருந்தால் எனக்கு நல்லதுதானே என்பதும் உள்ளே ஒரு மூலையில் இருந்தது.

ஆனால் மாமியின் மூளை வெறும் சொல்லை ஒட்டவைக்காது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு ஆளைப் பிடித்து வைத்துக்கொள்வார். அன்லெஸ் என்றால் எங்கள் பழைய மேனேஜர். "சாயா வராம அந்த மனுஷன் ஒரு பேப்பர்ல கை வெக்க மாட்டார். சாயா வந்துட்டா மட்டும் கையெழுத்துப் போட்டுடுவாரோ? அதும் சொல்ல முடியாது." ஹௌவெவர் என்றால் அவர் மாமியார். சாம்பார் நன்றாகத்தான் இருக்கிறது என்று ஆரம்பிப்பாராம், அங்கேயே நாம் எழுந்து போய்விட்டால் பிழைத்தோம், அதற்கப்புறம் வருவதுதான் விஷயமாம். ஒன்லி என்ற சொல்லுக்கு மச்சினர்.

"கோவில்ல வேஷ்டி கட்டிண்டவாளை மட்டும்தான் உள்ள விடுவா, கேட்டியா. எங்க மச்சினர் தெனம் வேஷ்டி கட்டிண்டு போய் கிழக்கே நடை வாசல்ல நின்னு நாட்டு வம்பெல்லாம் பேசிட்டுத் திரும்பி வந்துடுவார். வேஷ்டி கட்டிண்டவா எல்லாம் உள்ள போயாச்சுன்னு ஆகுமோ?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பஸ்ஸில் முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமியும் வெட்கத்தோடு சிரித்தார். அவர் செய்தது என்ன என்பது அன்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

தேர்வு முடிந்த அன்று தம்பானூரில் ஒரு சாயாக்கடையில் உட்கார்ந்தோம். மாமி வினாத்தாளையே ஞாபகத்திலிருந்து எடுத்து ஒப்பித்தார். ஒரு பத்தி வீட்டுக் கடனைப் பற்றியது. நிலையான வருமானம் உள்ளவர்களுக்கு மட்டுமே கடன் தரப்படும் என்று ஒரு வாக்கியம். விண்ணப்பித்த ஆசிரியர்கள் எல்லாருக்கும் நிலையான வருமானம் இருந்தது என்று இன்னொன்று. கீழே கொடுத்த வாக்கியம், ஆசிரியர்கள் எல்லாருக்கும் கடன் கிடைத்தது. நான் சரி என்று குறித்திருந்தேன். கடன் பிரிவில் உட்கார்ந்தவள் நான். ஆசிரியர் விண்ணப்பித்து அங்கே கடன் கிடைக்காமல் போய் நான் பார்த்ததே இல்லை.

மாமி கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அவர் சொல்ல முடியாது என்று குறித்ததாகச் சொன்னார். "வேஷ்டி கட்டிண்டிருந்தான்னுதான் எழுதியிருக்கு. உள்ள போனாளான்னு எழுதலையே."

பத்தியில் இல்லாததை நான் என் அனுபவத்திலிருந்து எடுத்துச் சேர்த்துவிட்டேன். மாமி இருந்ததை மட்டும் படித்திருக்கிறார். அது மட்டுமல்ல. சீட்டில் ஒன்லி என்ற சொல்லுக்கு எதிரே தவறு என்றுதான் இருந்தது. எத்தனை காலைகள் நானே அதைக் கேட்டுச் சரிபார்த்திருக்கிறேன். சீட்டை மட்டும் நம்பியிருந்தால் மாமியும் பிழையாகத்தான் குறித்திருப்பார். அவர் சீட்டை விட்டுவிட்டு மச்சினரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அதாவது யோசித்திருக்கிறார். கிளிப்பிள்ளை யோசிக்குமா? இது எனக்கு அந்தக் கடையில், அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே விளங்கியது.

நான் சொன்னது வேறு. "அந்தச் சீட்டு உங்களுக்குப் பலிச்சிட்டுல்லா மாமி" என்றேன். மாமி ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு, ஆமாம், உருப்போட்டதுதான் கைகொடுத்தது என்று தலையாட்டினார்.

முடிவு வந்தபோது மாமி முதல், நான் இரண்டாவது. கிளையே ஆச்சரியப்பட்டது. வாழ்த்தினார்கள், கை கொடுத்தார்கள், கூடவே சிரித்தார்கள். மனப்பாடம் செய்து ஆபீசராகலாம் என்றால் நாங்களும் நாளையிலிருந்து ஆரம்பிக்கிறோம் என்று ஒருவர் மலையாளத்தில் சொல்ல, எல்லாருக்கும் அது பிடித்துப்போனது. அன்று அது பலமுறை சொல்லப்பட்டது. மாமி ஒவ்வொரு முறையும் கூடச் சேர்ந்து சிரித்தார், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சிறுத்துப்போனார். நான் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். வேஷ்டிக் கதையை நான் அங்கே எடுத்துச் சொல்லியிருந்தால் அந்தச் சிரிப்பு நின்றிருக்கும். என் முகத்தைச் சிரித்தபடி வைத்திருப்பதே எனக்குப் பெரிய வேலையாக இருந்தது.

மறுநாளைக்குள் சம்மதம் எழுதிக் கொடுக்க வேண்டும். முதலில் வந்தவர் மறுத்தால் அடுத்தவருக்கு. அன்று சாயங்காலம் கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மாமி வீட்டுப் பக்கம் திரும்பாமல் நின்றார். நானும் நின்றேன்.

"எனக்கு மனசு ஒப்பலைடீ" என்றார். "நீ வாசிச்சு, புரிஞ்சுண்டு எழுதினவ. நான் உருப்போட்டதைக் கக்கினவ. கண்ணாடி ரூம்ல இருக்கறவாளுக்குப் புரியணும் அல்லே. நான் வேண்டாம்னா அடுத்தது நீதானே. நீ போயேன்."

"அது கூடாது மாமி. நீங்கதான் போணும்."

"எனக்கு வேண்டாம்டீ."

சொல்லிவிட்டு நின்றார். கையில் இருந்த சாப்பாட்டுப் பையின் வாரை இழுத்து இழுத்துச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது. பஸ்களின் பலகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார், எல்லாம் அவருக்கு மனப்பாடமானவை. என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் போகவும் இல்லை. ஒரு பஸ் பின்பக்கமாக வந்து எங்களுக்கு அருகில் நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள், அது கிளம்பிப் போயிற்று. மாமி இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

அவர் எதற்காக நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். இலைமேல் கை இருந்தது. நான் ஒரு தடவை பரிமாறிவிட்டேன். மறுபடி நீட்ட வேண்டியது என் முறை. "மாமி, பைத்தியமா உங்களுக்கு, போய் எழுதிக் குடுங்க" என்று ஒரு அதட்டல் போதும். மாமி இப்படிக் கட்டாயப்படுத்தினால் என்ன பண்றது என்று சொல்லியிருப்பார். நான் வாயைத் திறக்கவில்லை. வேண்டாம் என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார், இருப்பதை மட்டும்தானே படிக்க வேண்டும், இல்லாததைச் சேர்க்கக் கூடாது என்று தேர்வின் சட்டம் அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. வினாத்தாளில் வராத ஞானம் பஸ் ஸ்டாண்டில் வந்தது.

"சரி மாமி, நாளைக்குப் பார்ப்போம்" என்றேன். மாமி தலையசைத்துவிட்டுக் கோட்டை வாசலுக்குள் நடந்து போனார். மறுநாள் காலை பஸ்ஸுக்கு அவர் வரவில்லை. எனக்கு முன்னாலேயே வந்து மேனேஜரிடம் வேண்டாமென்று எழுதிக் கொடுத்திருந்தார்.

கண்ணாடி அறையில் என் பெயர் வந்தது. முதல் வாழ்த்து மாமியுடையது. வீட்டிலிருந்து அடைப்பிரதமன் செய்து தூக்குப் பாத்திரத்தில் கொண்டுவந்திருந்தார். அவரிடம் ஒரு சுளிப்பு இருந்திருந்தால், ஒரு சொல் குத்தலாக வந்திருந்தால், நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி மனசை ஆற்றியிருப்பேன். எதுவும் வரவில்லை. சில நாள் கழித்து ஒரு காலையில் நான் சீக்கிரம் வந்து உள்ளே உட்கார்ந்திருந்தேன். மாமி கதவைக் கடந்து போகும்போது கை தானாக எழுந்து, புடவைத் தலைப்பால் பலகையை ஒரு துடை துடைத்தது. உள்ளே நான் இருப்பது அவருக்குத் தெரியாது. குனிந்து மேஜை டிராயரில் எதையோ தேடுகிற மாதிரி நான் தேடினேன்.

அதன்பிறகு அவர் வவுச்சரோடு உள்ளே வந்து நிற்கும்போதெல்லாம் உட்காரச் சொல்வேன். வேண்டாம் என்பார். விடமாட்டேன், உட்காரும்வரை சொல்வேன். தண்ணீர், பழம், பிஸ்கட் எதுவானாலும் அவர் கையில் திணித்துவிட்டுத்தான் ஓய்வேன். நாற்காலிக்கும் பிஸ்கட்டுக்கும் எனக்கு வாய் அருமையாகத் திறந்தது.

மாமி ஓய்வு பெற்ற நாளில் கூட்டத்தில் நான்தான் பேசினேன். மாமியின் ஞாபகசக்தியை வானளாவப் புகழ்ந்தேன். எங்கள் கிளைக்குக் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது என்றேன். கைதட்டினார்கள். மாமி தலையைக் குனிந்துகொண்டார். அந்த வாத்தியார் சொன்னதையேதான் நானும் மாலை போட்டுச் சொல்லியிருக்கிறேன் என்பது வீட்டுக்குப் போனபிறகுதான் உறைத்தது.

இந்த வருடம் பதவி உயர்வுத் தேர்வு எழுதும் கிளார்க்குகளுக்கு வகுப்பெடுக்க என்னை அனுப்பினார்கள். ஒரு பையன் எழுந்து, மேடம், கீவேர்டுகளை மனப்பாடம் செய்தால் பிரயோஜனம் உண்டா என்று கேட்டான். அவன் போனில் ஒரு நீண்ட பட்டியலே இருந்தது. சீட்டை உருப்போட்டால் சீட்டுதான் வரும், ஒவ்வொரு சொல்லுக்கும் உங்களுக்குத் தெரிந்த ஒரு ஆளைப் பிடித்து நிறுத்துங்கள் என்று ஆரம்பித்து வேஷ்டிக் கதையைச் சொன்னேன். வகுப்பு சிரித்தது, பிறகு ஒவ்வொரு முகமாகத் தெளிந்தது. இது யார் சொன்ன உதாரணம் மேடம் என்று பின்வரிசையில் ஒரு பெண் கேட்டாள். தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோட்டைக்குள் போனேன். மாமி கொஞ்சம் மெலிந்திருந்தார். கணவர் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். காபி வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல மாமி கலந்துகொண்டு வந்து டம்ளரை என் கையில் வைத்து, குடித்து முடிக்கும்வரை எதிரே நின்றார். அப்புறம்தான் உட்கார்ந்தார்.

அந்த ஆசிரியர் கேள்வி நினைவிருக்கிறதா என்று கேட்டேன். பத்தியை முழுதாக ஒப்பித்தார். சீட்டில் ஒன்லிக்கு எதிரே என்ன இருந்தது என்று கேட்டேன். தவறு என்றார். நீங்கள் என்ன குறித்தீர்கள் என்றேன். சொல்ல முடியாது என்று குறித்ததாகச் சொன்னார்.

"பின்ன சீட்டு எப்படி மாமி பலிச்சிருக்கும்? நீங்க யோசிச்சுத்தான் போட்டீங்க. நான்தான் படிக்காம போட்டேன். அந்த ரூம் உங்களுக்கு உள்ளது. எனக்கு அன்னைக்குச் சாயாக்கடையிலயே தெரியும்."

மாமி என் கையிலிருந்த காலி டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார்.

"எனக்கும் பாதி தெரியும்டீ" என்றார். "மீதிப் பாதியை நீ சொல்லுவேன்னுதான் பஸ் ஸ்டாண்டுல நின்னேன்."

குரலில் கோபம் இல்லை. அது எனக்குக் கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. என்னை மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். மாமி கையை உயர்த்தி வேண்டாம் என்று தடுத்தார். அது எந்த வேண்டாம் என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு சுவரில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். பஸ்ஸில் செய்வதுபோலவே கண்களை மூடிக்கொண்டார்.

"என்னைப் பத்தி என்னமோ சொன்னியே, யோசிச்சுத்தான் போட்டேன்னு" என்றார். "இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். அவர் உதடுகள் என் பின்னாலேயே சத்தமில்லாமல் அசைந்தன.